கைடு இருக்கிறார், கேட்க ஆள் இல்லை

தில்லியில் பி.எச்டி. ஆராய்ச்சிக்குச் சேரும் மாணவனுக்கு விரைவிலேயே ஒரு கைடு கிடைத்துவிடுகிறார். பதிவேட்டில் அவர் பெயர் ஏறுகிறது. படிவங்களில் அவர் கையெழுத்து விழுகிறது. ஆனால் ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது, எழுதியதை எந்த ஏட்டுக்கு அனுப்புவது, அது திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கூச்சமில்லாமல் கேட்க ஓர் ஆள் கிடைக்கிறாரா? வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியை நினைப்பதே இல்லை. இடம் கிடைத்ததும் கவலை விட்டது என்று இருந்துவிடுகிறார்கள்.

ஜனக்புரித் தமிழ்க் குடும்பங்களில் இது பேசப்பட வேண்டிய விஷயம். அரசு அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகவும் ஸ்டெனோக்களாகவும் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்று ஆராய்ச்சிப் படிப்பு வரை போகிறார்கள். 2018 மே மாதம் மெஜந்தா மெட்ரோ வந்த பிறகு, ஜனக்புரி மேற்கில் ஏறினால் முனிர்க்காவுக்கும் ஐ.ஐ.டி.க்கும் வண்டி மாறாமலே போய்விடலாம். பயணம் சுலபமாகிவிட்டது. ஆனால் வீட்டில் இதற்கு முன் யாரும் ஆராய்ச்சி செய்ததில்லை. பையன் இரவு பத்து மணிக்கு வந்து, "இன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை" என்றால் தகப்பனாருக்குப் புரிவதில்லை. நாலு வருஷமாக என்னதான் படிக்கிறாய் என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லத்தான் பையனுக்குத் தெரியவில்லை.

அலுவலகம் போகிறவர்கள் ஒன்றை அனுபவத்தில் அறிவார்கள். புதிதாக வந்த எழுத்தருக்குத் தொழில் கற்றுக்கொடுப்பவர் செக்‌ஷன் ஆபீசர் அல்லர். பக்கத்து நாற்காலியில் இருக்கும் மூத்த குமாஸ்தாதான். ஃபைலில் நோட் எப்படிப் போடுவது, எந்த விதியைக் காட்டுவது, எந்த அதிகாரியிடம் காலை வேளையில் போகக் கூடாது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் வரும். புதியவரின் இன்கிரிமெண்ட் அவர் கையில் இல்லை. அதனால்தான் அவரிடம் அசட்டுக் கேள்விகளையும் கேட்க முடிகிறது. பல்கலைக்கழகத்தில் இந்தப் பக்கத்து நாற்காலிதான் காலியாகக் கிடக்கிறது. விஞ்ஞானத் துறைகளிலாவது பரிசோதனைச் சாலையில் இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்த அண்ணனோ அக்காளோ இருப்பார்கள். சரித்திரம், பொருளாதாரம், இலக்கியம் எடுத்தவன் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

விதிகள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பி.எச்டி. விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது. மாணவன் ஒவ்வொரு செமஸ்டரிலும் ஓர் ஆலோசனைக் குழுவின் முன் வந்து, செய்த வேலையைச் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழுவைக் கூட்டுபவர் யார்? அதே கைடுதான். கைடுடன் ஒத்துவரவில்லை, ஆறு மாதமாக அத்தியாயத்தைப் படித்துத் தரவில்லை என்று ஒரு மாணவன் சொல்ல நினைத்தால், அதை அவரே கூட்டிய கூட்டத்தில், அவர் முன்னாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயதுப் பிள்ளை வாயைத் திறக்குமா?

கைடுகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வகுப்பு, விடைத்தாள், நிர்வாகக் கமிட்டி என்று அவர்களுக்கும் ஆயிரம் வேலை. நல்ல கைடு கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆனால் ஒரு மனிதனின் நாலைந்து வருஷ வாழ்க்கையை அதிர்ஷ்டத்திடம் விட்டுவைப்பது என்ன ஏற்பாடு?

இந்த இடத்தில் ராமானுஜனை நினைக்க வேண்டியிருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஹார்டிதான் அவரைக் கண்டுபிடித்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில். அதற்கு முன்னாலேயே இங்கே சிலர் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர் ஒரு டிபுடி கலெக்டர். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பியவர். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். 1912 மார்ச்சில் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, அங்கே மேலதிகாரியாக இருந்தவர் நாராயண ஐயர்.

அவரும் கணிதம் படித்தவர். இரவு வேளைகளில் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். தனக்கே புரியாவிட்டால் பிறருக்கு எப்படிப் புரியும், நடுவில் உள்ள படிகளை எழுது என்று நாராயண ஐயர் வற்புறுத்துவாராம். ஆராய்ச்சி மாணவனுக்கு வேண்டிய உதவி இதுதான். அவனைவிடப் பெரிய மேதை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமையாகக் கேட்டு, "இது புரியவில்லை, மறுபடி சொல்" என்று கேட்கக்கூடிய ஒருவர் இருந்தால் போதும். 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தரச் சொன்னது. அவரும் மூன்று அறிக்கைகள் கொடுத்துவிட்டு 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். அறிக்கை கேட்கும் வழக்கத்தை இன்றைய பல்கலைக்கழகங்கள் விடவில்லை. நாராயண ஐயர்தான் இல்லை.

மகத்தான கைடு கிடைத்தவருக்கும் ஒருவர் மட்டும் போதாது. 1928-இல் ராமன் விளைவு வெளிவந்தபோது கூடவே உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன், அவ்வாண்டு மார்ச்சில் 'நேச்சர்' ஏட்டில் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் பிறகு வெகுகாலம் நடந்தது. அது இங்கே வேண்டாம். ஆனால் கட்டுரையில் எவர் பெயர் முதலில் வரவேண்டும் என்ற சிக்கல் இன்றைய மாணவனுக்கும் வருகிறது. அதைக் கைடிடமே கேட்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். கிருஷ்ணன் பிற்பாடு தில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டரானார். ஜனக்புரியிலிருந்து நகருக்குள் போகும் வழியில், பூசாவில், ஒரு சாலை அவர் பெயரில் இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. ஆராய்ச்சிக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் கைடு தவிர இன்னொரு மூத்தவரைப் பல்கலைக்கழகம் நியமிக்க வேண்டும். அவர் வேறு துறையிலோ வேறு கல்லூரியிலோ இருக்க வேண்டும். மாணவனின் எந்தக் காகிதத்திலும் அவர் கையெழுத்து தேவைப்படக் கூடாது. 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையே, ஓய்வுபெற்ற நல்ல ஆசிரியர்களைத் திரட்டி, இந்திய மொழிகளில் சொல்லித்தரக்கூடியவர்களையும் சேர்த்து, கல்லூரி ஆசிரியர்களுக்கு வழிகாட்ட ஒரு தேசிய இயக்கம் வேண்டும் என்கிறது. ஆசிரியர்களுக்குத் தேவை என்றால், ஆசிரியராகப் போகிற மாணவனுக்கு இன்னும் தேவை அல்லவா?

இப்படி ஒருவர் இருந்தால் ஏமாற்றுகளிலிருந்தாவது பிள்ளைகள் தப்பிப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆராய்ச்சி ஏடுகள் பெருகிவிட்டன. நம்பத்தக்க ஏடுகள் இவை என்று மானியக் குழு ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதைக் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. இனி எது நல்ல ஏடு என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ள வேண்டும். விவரம் தெரியாத மாணவன், அப்பாவின் சேமிப்பிலிருந்து சில ஆயிரங்களை எடுத்து அப்படிப்பட்ட ஏட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அது செல்லாது என்று தெரிந்து கொள்கிறான்.

பல்கலைக்கழகம் செய்யும் வரை தமிழர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியிலேயே இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒரு வகுப்பறை கிடைத்தால் போதும். பூசாவிலும் பௌதிக ஆய்வுக்கூடத்திலும் கல்லூரிகளிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர்கள் மேற்குத் தில்லியில் இல்லாமலா போய்விட்டார்கள்? பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். அவை வந்தால் கேள்வி கேட்க நேரமிராது. ஊர், சாதி பார்த்து ஆள் சேர்க்கும் இடமாகவும் அது ஆகிவிடக் கூடாது. அந்த ஆபத்து உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

பணப் பிரச்சினை தனி. தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காதவர் நிலைமை வேறு. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

இன்னொரு செய்தி குமாஸ்தாக்களே கவனிக்க வேண்டியது. 2022 விதிகள் பகுதி நேர பி.எச்டி.யை அனுமதிக்கின்றன. அலுவலகம் ஆட்சேபமில்லை என்று சான்று தர வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே ஆராய்ச்சி செய்யலாம். நாற்பது வயதில் அப்படிச் சேருபவர், தன்னைவிடப் பத்து வயது இளைய கைடிடம் ஆரம்பக் கேள்விகளைக் கேட்கத் தயங்குவார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பறைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட வரும் தகப்பனார், வாசலிலேயே நின்றுவிடாமல் உள்ளே வந்து உட்காரலாம்.