டிசைன் பண்ணியது யார்?

ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். காகிதத்தில் ஏழு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, பக்கவாட்டில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடது புள்ளியையே பார்த்தபடி காகிதத்தை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். ஏறக்குறைய ஒரு அடி தூரத்தில் வலது புள்ளி காணாமல் போகும்! மந்திரமில்லை சார். உங்கள் கண்ணில் ஓர் ஓட்டை இருக்கிறது.

1802-ல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு வாதம் வைத்தார். பொட்டல்வெளியில் கடிகாரம் கிடந்தால், செய்தவர் ஒருவர் உண்டு என்போம். கண் அதைவிட நுட்பமானது. ஆகவே, அதற்கும் ஒருவர் உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த டிசைனர், கேமராவில் வயரையெல்லாம் ஃபிலிமுக்கு முன்னால் இழுத்துவிட்டாரே! விழித்திரையின் நரம்பிழைகள் முன்பக்கம் ஓடுவதால், வெளியேற ஒரு துளை தேவைப்படுகிறது. அங்கேதான் உங்கள் புள்ளி தொலைந்தது. ஆக்டோபஸுக்கு வயரிங் பின்பக்கம். குருட்டுப் புள்ளியே கிடையாது. அதன்மேல் மட்டும் என்ன தனிப் பிரியம்?

ஒட்டகச்சிவிங்கியைப் பாருங்கள். மூளையிலிருந்து குரல்வளைக்கு வரவேண்டிய இடது நரம்பு, மார்பு வரை இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி, மறுபடி கழுத்தேறுகிறது. மீன் மூதாதையருக்கு அது நேர்வழி. கழுத்து நீள நீள, நரம்பும் நீண்டது. 1859-ல் டார்வின் காட்டியது இதைத்தான். இயற்கை புதிதாக பிளான் போடுவதில்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறது.

'நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?' என்பீர்கள். நஷ்டம் உண்டு. 2004 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், "எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்மா" என்றார்கள். காரணம் இருந்தது. சுமத்ரா அருகே கடலடியில் நிலத்தட்டு நகர்ந்தது. இல்லாதது நோக்கம். நோக்கம் இருந்ததென்றால், அந்தத் தாய் என்ன பாவம் செய்தாள் என்ற கேள்வி அடுத்து வரும். வந்தது. காரணத்தைத் தேடியவர்களோ 2007-ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைத்தார்கள்.

கடவுள் உண்டா என்பது வேறு வழக்கு. கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள். அலைக்கும் புற்றுநோய்க்கும் மட்டும் அவர் பெயரில் உள்நோக்கம் கற்பிக்காதீர்கள். அவருக்கே அது அவமரியாதை.