எத்தனை கிலோ பிடிச்சாங்க, தெரியும். எத்தனை பேர் செத்தாங்க?

இத்தனை கிலோ கஞ்சா பறிமுதல், இத்தனை பேர் கைது. மேசை மேல் பொட்டலங்களை அடுக்கி ஒரு போட்டோ. பேப்பரில் அடிக்கடி பார்த்திருப்பீங்க. பிடிக்கட்டும், வேண்டாம்னு சொல்லவில்லை. ஆனால் போன மாதம் உங்க வார்டில் போதை அளவு மீறி எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க? எத்தனை பேர் வீடு திரும்பினாங்க? கேட்டுப் பாருங்க, யார் பதில் சொல்றாங்கன்னு.

2019-ல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பு நாடு முழுக்க 186 மாவட்டங்களில் வீடு வீடாக நடந்தது. பெரிய வேலைதான். ஆனால் கிடைத்தது மாநில அளவு மதிப்பீடு. அதை வைத்து திருப்பூருக்கு என்ன தேவை, ராமநாதபுரத்துக்கு என்ன தேவை என்று முடிவு செய்ய முடியாது.

தகவல் இல்லாமல் இல்லை, சிதறிக் கிடக்கிறது. 108-க்கு அழைப்பு வந்த நேரமும் இடமும் ஓரிடத்தில். ஜி.எச். அவசர சிகிச்சைப் பதிவேடு இன்னோரிடத்தில். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தடய அறிவியல் ஆய்வக முடிவும் வேறு வேறு மேசைகளில். இவற்றை வார்டு வாரியாக ஒரே வரைபடத்தில் வைக்கணும் என்கிறோம்.

டேபென்டடால் மாத்திரையை எடுத்துக்குங்க. கடும் வலிக்கு விழுங்கக் கொடுக்கும் ஓபியாய்டு மருந்து. அதைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள் நம்ம பசங்க. அளவு கூடினால் மூச்சு அடங்கிவிடும். ஒரே வாரத்தில் ஒரே பேருந்து நிலையத்தைச் சுற்றி மூன்று அழைப்பு வந்தால், நாலாவது பையன் விழுவதற்கு முன்னாடியே அங்கே போய்விடலாம். அந்தப் பகுதி ஆம்புலன்ஸில் நலாக்சோன் ஊசி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓபியாய்டால் அடங்கும் மூச்சை மீட்கிற மருந்து அது. மற்ற போதைக்கு உதவாது. அதனால் எந்த ஊரில் எந்தப் போதை என்று தெரிந்தாகணும்.

அமெரிக்காவில் 2017 முதல் ஓடிமேப் என்ற வரைபடத்தில் இதைச் செய்கிறார்கள். இடம், நேரம், பிழைத்தாரா, நலாக்சோன் கொடுத்தார்களா என்று பதிவாகிறது. எண்ணிக்கை திடீரென ஏறினால் எச்சரிக்கை போகும்.

அங்கே போலீசும் அதைப் பார்க்கலாம். இங்கே அது வேண்டாம். சுகாதாரத் துறை கையில் இருக்கட்டும்; பெயர், தெரு, சாதி எதுவும் இல்லாமல் வார்டு எண் மட்டும் போதும். கேஸ் போடுவாங்கன்னு பயந்தால், பக்கத்தில் இருக்கிற நண்பன் 108-ஐ அழைக்க மாட்டான், ஓடிப்போவான். போதைக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்ததுக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவே சொல்கிறது. எத்தனை அம்மாக்களுக்கு இது தெரியும்?

அடுத்த கிராம சபையில், நகரத்தில் இருந்தால் பகுதி சபையில், இதைக் கேளுங்க: கடந்த 12 மாதங்களில் போதை அளவு மீறியதற்காக நம்ம ஊருக்கு 108 எத்தனை முறை வந்தது? மாதவாரியாக எழுத்தில் கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்க. தீர்மான நகலை நம்ம ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தால் கலெக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்க வேலை.