கிழட்டுக் காரும் மூன்று கேள்விகளும்

சில கணவன்மார்களுக்குச் சீட்டாட்டம், சிலருக்குச் சங்கீதக் கச்சேரி, இன்னும் சிலருக்குப் பழைய கார். முதல் இரண்டும் இரவோடு முடிந்துவிடும். மூன்றாவது, பெட்ரோல் வாசனையோடு வீட்டு வாசலிலேயே குடியேறிவிடும்!

அமெரிக்காவில் 1964-ஆம் வருஷம் போன்டியாக் ஜி.டி.ஓ. வந்ததிலிருந்து 'மஸில் கார்' என்ற முரட்டுக் கார்களின் மேல் மோகம் பிறந்தது. இன்று அவற்றை வீட்டுக் கொட்டகையில் வைத்துப் புதுப்பிப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. நம் பக்கத்தில் அந்த ஸ்தானம் அம்பாஸிடருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும்தான். ஹெரால்டு சென்னைப் பிள்ளை. 1961 முதல் 1971 வரை அங்கேதான் தயாராயிற்று. எஞ்சின் 948 ஸி.ஸி. தான், முரடு என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பாகம் முழுவதும் அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்யலாம்.

சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒரு ஹெரால்டு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏங்க, இன்னைக்காவது கிளம்புமா?"

"புது கார்புரேட்டர் ஒண்ணு வாங்கிட்டா கிளம்பிடும்."

போன மாதம் புதுப் பிளக். அதற்கு முந்தின மாதம் புது பாட்டரி. கார் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது! சாமான் வாங்குவது வைத்தியம் அல்ல, சகோதரிகளே. நோய் இன்னதென்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம். அதற்கு மூன்றே கேள்விகள். நீங்களே கேட்கலாம்.

முதல் கேள்வி: எஞ்சின் சுழல்கிறதா? சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்றால், பாட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். புதுப்பித்த கார்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாட்டரியின் 'எர்த்' கம்பி காரின் இரும்பைத் தொட வேண்டும். பளபளவென்று பெயிண்ட் அடித்து அதன் மேலேயே கம்பியை முடுக்கினால் மின்சாரம் எப்படிப் போகும்? அந்த இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டினால் போதும். புது பாட்டரிச் செலவு மிச்சம்.

இரண்டாவது கேள்வி: பெட்ரோல் வருகிறதா? சிறிது நேரம் சுழற்றிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பல வருஷம் நின்ற காரில் பழைய பெட்ரோல் பிசினாகிவிடும். டாங்கியின் துரு குழாயை அடைக்கும். ஹெரால்டின் பெட்ரோல் பம்புக்கு அடியில் ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. பாட்டரியைத் தொடாமலே அதை அசைத்துப் பெட்ரோல் வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

மூன்றாவது கேள்வி: பொறி வருகிறதா? பிளக் நனைந்திருந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பொறியில்தான் கோளாறு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் நாளாவட்டத்தில் கறுத்துவிடும். அதைத் துடைத்து, இடைவெளியை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் இரண்டு பங்காக வைத்தாலே பல கார்களுக்கு உயிர் வந்துவிடும். 'டமார்' என்று வெடித்து நின்றால், பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கலாம். 1, 3, 4, 2 என்பதுதான் வரிசை.

கிளம்பிய பிறகு புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாக அடர்ந்து வந்தால் தண்ணீர் உள்ளே புகுகிறது. உடனே நிறுத்த வேண்டும். எண்ணெய் காய்வதைப் புகையைப் பார்த்தே சொல்லும் உங்களுக்கு இது பெரிய வித்தையா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அச்சங்குளத்தாருக்குப் பொறியைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அங்கே பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். மருந்தும் பொறியும் சந்திக்கக் கூடாது என்பது அந்த ஊர் கண்ணீர் விட்டுக் கற்ற பாடம். கார்க் கொட்டகைக்கும் அதே சட்டம்தான். பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது பாட்டரி வயர் கழன்றிருக்க வேண்டும். பொறியைச் சோதிக்கும்போது பெட்ரோல் பாத்திரம் கொட்டகைக்குள்ளேயே இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுக்களை அடுப்பு வரை போகும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் அதற்குத் தாங்காமல் கசியும். அவற்றை முதலில் மாற்றிவிடுங்கள். தீப்பிடித்தால் தண்ணீரை ஊற்றாதீர்கள். எரிகிற பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். பட்டாசுக் கொட்டகையைப் போலவே ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை வலிக்கிறதே என்று நினைப்பதற்குள் ஆளைச் சாய்த்துவிடும்.

ஆகையால் சகோதரிகளே, பழைய காரைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, அன்று என்ன சோதித்தார், எதை மாற்றினார் என்று எழுதி வையுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் குணம் தெரிந்தது என்பது விளங்கும். வயிறு பசித்து, பொழுது சாய்ந்து, கோபத்தோடு ஸ்பானரை எடுக்கிறார் என்றால், "இன்னைக்கு இது போதுங்க" என்று சொல்லிக் கொட்டகையைப் பூட்டிவிடுங்கள். ஐம்பது வருஷம் காத்திருந்த காருக்கு விடியும்வரை காத்திருக்கத் தெரியும்.