விமானம் ஓட்டப் படிக்க வேண்டுமா? முதலில் கைரேகை!

கொங்கு நாட்டுப் பையன்களுக்கு விமானி ஆகும் ஆசை வந்துவிட்டது. சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலேயே பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போய்ப் படிப்பவர்களும் உண்டு.

200 மணி நேரம் பறந்தால்தான் நம் நாட்டில் வர்த்தக விமானி லைசென்சு. செலவோ பல லட்சம். தோட்டத்தை அடமானம் வைத்துப் பணம் புரட்டுகிறார்கள் சில தகப்பனார்கள்.

ஆனால், அமெரிக்காவில் பணம் மட்டும் போதாது!

வெளிநாட்டு மாணவன் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். ஆள் எப்படிப்பட்டவன் என்று விசாரிப்பார்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு இந்த விசாரணை இல்லை. குடியுரிமைச் சான்றைக் காட்டினால் போதும்.

ஏன் இந்தக் கெடுபிடி?

2001 செப்டம்பர் 11-ந் தேதி, 19 பேர் 4 விமானங்களைக் கடத்தினார்கள். சுமார் 3 ஆயிரம் பேர் மாண்டார்கள். விமானங்களை மோதியவர்கள் அமெரிக்கப் பள்ளிகளிலேயே பயிற்சி பெற்றவர்கள்!

அவர்களில் முகமது அட்டாவும் மார்வான் அல் செகியும் புளோரிடாவில் படித்தவர்கள். 2002 மார்ச்சில் அந்தப் பள்ளிக்கு ஒரு தபால் வந்தது. "இருவருக்கும் மாணவர் அனுமதி வழங்கப்பட்டது" என்றது அது. இருவரும் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது! சர்க்கார் தூங்கிய லட்சணம் அது.

விழித்திருந்தவர் வாத்தியார்தான். அனுபவம் இல்லாத ஓர் ஆசாமி, பெரிய ஜெட் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடு என்று மினசோட்டாவில் ஒரு பள்ளிக்கு வந்தான். பணத்தை ரொக்கமாகக் கொடுத்தான். பள்ளிக்காரர்கள் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தார்கள். 2001 ஆகஸ்டு 16-ந் தேதி கைதானான். அவன் பெயர் சக்கரியாஸ் மூசாவி. 2006-ல் ஆயுள் தண்டனை பெற்றான்.

ஆகவே, பள்ளி ஊழியர்களுக்கும் சந்தேக நபர்களைக் கண்டுகொள்ளப் பாடம் நடத்த வேண்டும் என்பதும் இப்போது விதி. கைரேகையைவிட இதுவே நல்ல காவல்.

முன்பு ஒவ்வொரு பயிற்சிக்கும் தனி விசாரணை. 2024-ல் விதி திருந்தியது. ஒரு தடவை தேறினால் 5 ஆண்டு வரை செல்லும்.

இங்கே என்ன?

இந்தியாவில் பயில வரும் வெளிநாட்டவருக்கு உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். நம் பையனும் விமான நிலையத்துக்குள் போய்வர அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு.

நம்மவர்களுக்கு மட்டும் இன்னொரு தொல்லை. அதுதான் இனிஷியல்! பள்ளிச் சான்றில் ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுசாக. பெயர் மாறினால் ஆளே வேறோ என்று கேள்வி வரும். தோட்டத்துப் பத்திரத்தை வெளியில் எடுக்குமுன், பையனின் சான்றுகளை எடுத்துப் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.