அளவுகோல் யார் கையில்?

மனிதர்களுக்கு உரியதாகவே நாம் எண்ணிப் பழகிய நீரிழிவு, வீட்டுப் பூனைகளையும் தாக்குகிறது. நடுவயதைக் கடந்த, உடல் பருத்த, வீட்டுக்குள்ளேயே வளரும் ஆண் பூனைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்றாக உண்டும் உடல் மெலிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். பூனைக்குமா சர்க்கரை நோய் என்று நகைப்போர் உண்டு. ஆனால், நீண்டகால நோயின் செலவை யார் சுமப்பது, அந்த நோயை அளக்கும் கருவி யார் கையில் இருப்பது என்னும் பொருளாதாரக் கேள்விகள் இதில் அடங்கியுள்ளன.

பெரும்பாலான பூனைகளுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் செலுத்தப்படுகிறது. மருந்தின் அளவைத் தீர்மானிக்க, ஒரு பகல் முழுவதும் சில மணி நேர இடைவெளியில் ரத்தச் சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும். இதை மருத்துவமனையில் செய்தால் இரண்டு இடர்ப்பாடுகள். ஒன்று, கட்டணம். மற்றொன்று, அச்சம். அறிமுகமில்லாத இடத்தில் மிரளும் பூனையின் சர்க்கரை, அந்தப் பதற்றத்தாலேயே உயர்ந்துவிடும். அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால், வீடு திரும்பியபின் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். காதின் விளிம்பில் சிறு ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தம் எடுத்து வீட்டிலேயே அளப்பது செலவைக் குறைப்பதோடு, உண்மைக்கு நெருக்கமான எண்ணையும் தருகிறது.

மருத்துவச் சந்தையில் நோயாளியைவிட மருத்துவர் மிகுதியாக அறிந்திருப்பதால், அது மற்ற சந்தைகளைப் போல இயங்காது என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் விளக்கினார். கால்நடை மருத்துவத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இரட்டிப்பாகிறது. அங்கே நோயாளியால் பேசவே முடியாது.

பிரிட்டனின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கு 2013-இல் பத்தில் ஒரு பங்கு கால்நடை மருத்துவமனைகளே பெருநிறுவனங்களிடம் இருந்தன. இன்று ஏறத்தாழ 60% அவற்றின் வசம். 2016-க்கும் 2023-க்கும் இடையே கட்டணம் 63% உயர்ந்ததாக அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் கணித்தது. கட்டணப் பட்டியலை வெளியிடுவதைக் கட்டாயமாக்கவும் அது 2025 அக்டோபரில் பரிந்துரைத்தது. விலை தெரிந்தால் மட்டும் போதாது. நோயின் நிலையும் உரிமையாளருக்குத் தெரிந்தால்தான் அவர் மருத்துவருடன் சமமாகப் பேச முடியும்.

ஆனால், கருவி கைக்கு வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்பதும் பிழை. மனித ரத்தத்தில் குளுக்கோஸில் ஏறத்தாழ 42% சிவப்பணுக்களில் இருக்கிறது. பூனையின் ரத்தத்திலோ 7% மட்டுமே. எனவே, மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனைக்குப் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைவான எண்ணையே காட்டும். அதன் போக்கைப் பயன்படுத்தலாம். தனியொரு எண்ணை வேதவாக்காகக் கொள்ளலாகாது.

ஊசிக்குழலிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நம் மருந்துக் கடைகளில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் இன்சுலின் கிடைக்கிறது. 100 அலகு மருந்தை 40 அலகுக்கான குழலில், அதன் கோடுகளைப் பார்த்து எடுத்தால், இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். சிறு உடலுக்கு அது உயிராபத்து.

முதல் சில மாதங்களில் முறையான சிகிச்சையும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் கிடைத்தால், கணிசமான பூனைகள் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. அந்தத் திருப்பத்தைக் கவனிக்காமல் பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரலாம். வீட்டுப் பரிசோதனை உயிர்காக்கும் தருணம் இதுவே. அளக்க வழியில்லாததால் சிகிச்சையைக் கைவிடுவது, மீளக்கூடிய ஓர் உயிரை இழப்பதாகும்.

இந்தியாவுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் நடத்திய ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். இத்தனை பெரிய சந்தை இருப்பதால் கருவியும் பட்டையும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கின்றன. பூனைகளுக்கும் பயன்படும் கிளார்ஜின் இன்சுலின் 2022-இல் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2025 செப்டம்பரில் குளுக்கோமீட்டர், பரிசோதனைப் பட்டை ஆகியவற்றின் ஜிஎஸ்டி 12%-இலிருந்து 5% ஆனது. மனிதர்களுக்கான கொள்கையின் பயன் விலங்குகளுக்கும் கசிகிறது.

இல்லாதது பயிற்சி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் மருத்துவமனைகளில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட பூனைகளின் உரிமையாளர்களுக்கு அரைநாள் பயிற்சி அளிக்கலாம். காதில் ரத்தம் எடுக்கும் முறை, குழலைத் தேர்ந்தெடுத்தல், சர்க்கரை தாழ்ந்தால் செய்ய வேண்டிய முதலுதவி ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு வழங்கலாம். மருந்தின் அளவை முடிவு செய்பவர் மருத்துவராகவே இருக்கட்டும். அவருக்கு நம்பகமான குறிப்பேட்டைத் தருபவர் உரிமையாளராக இருக்கட்டும்.

1921-இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனைகளிலிருந்தே இன்சுலின் பிறந்தது. கோடிக்கணக்கான மனிதர்கள் இன்று உயிர்வாழ்வது அந்த வாயில்லா ஜீவன்களின் தயவில். அந்தக் கடனில் ஒரு துளியைத் திருப்பிச் செலுத்த, ஒரு துளி ரத்தத்தை அளக்கக் கற்றுத் தருவது பெரும் செலவல்ல.