வரப்பு மொட்டையாகத்தான் இருக்க வேண்டுமா?

நம் களமருதூர்ப் பக்கம் இப்போது ஒரு புதுப் பெருமை: வரப்பில் புல் பூண்டு எதுவும் இருக்கக் கூடாதாம். களைக்கொல்லி அடித்துக் கருகிக் கிடக்கும் வரப்பைக் காட்டி, "சுத்தமா வச்சிருக்கேன் ஐயா" என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. சுத்தம் திண்ணைக்கு வேண்டும், வரப்புக்கு எதற்கு?

முன்பெல்லாம் அந்த வரப்பில் உளுந்தும் காராமணியும் நின்றன. வீட்டுச் செலவுக்கு ஆயிற்று என்பது மட்டுமல்ல, நெல்லுக்கு அதுவே காவல். எப்படி என்பீர்கள். குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் குளவி ஒன்று உண்டு. டிரைக்கோகிரம்மா என்று பெயர், ஒரு மில்லிமீட்டர்கூட இராது. வளர்ந்த குளவிக்குத் தேன்தான் ஆகாரம். நெற்பூவிலோ தேன் கிடையாது. வரப்பில் எள்ளோ காராமணியோ பூத்திருந்தால் அது கூடுதல் நாள் உயிரோடிருந்து கூடுதலாக முட்டையிடும். மொட்டை வரப்பில் அதற்குப் பட்டினிதான்.

"காராமணி வச்சா அசுவினி வருதே" என்பார்கள். வரட்டுமே! காராமணி அசுவினி நெல்லைத் தொடாது. அதைத் தின்ன வரும் பொறிவண்டு அப்படியே வயலிலும் இறங்கி வேட்டையாடும். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பொறிவண்டை 'பேத்-ஆ-போன்-தியு' என்பார்கள், நல்ல கடவுளின் பூச்சி என்று பொருள். இங்கே கடவுளின் பூச்சிக்கும் சேர்த்தே டப்பாவில் மருந்து விற்கிறார்கள். எல்லாப் பூச்சியும் செத்துவிடும் என்பதுதானே விளம்பரமே.

இந்தோனேசியாவில் புகையான் பெருகி நெல்லை அழித்தபோது, 1986இல் அந்த அரசு 57 மருந்துகளை நெல்லில் அடிக்கத் தடை போட்டது. மருந்து, புகையானைத் தின்னும் சிலந்தியைக் கொன்றதால்தான் புகையான் பெருகியது என்று கண்டுகொண்டார்கள். தாய்லாந்து, சீனா, வியட்நாம் வயல்களில் வரப்பில் பூச்செடி வைத்து நான்கு ஆண்டு சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தடிப்பது 70 சதவீதம் குறைந்தது, மகசூல் 5 சதவீதம் கூடியது.

ஆனால் பூவும் வைத்து மருந்தும் அடிப்பது விருந்துக்குக் கூப்பிட்டு விஷம் வைத்த கதை. அதைச் செய்துவிட்டுப் 'பூச்செடி பலிக்கவில்லை' என்று சொல்லாதீர்கள்.

மக்காச்சோளத்தைப் படைப்புழு 2018 முதல் படுத்தும் பாடு நம் மாவட்டத்துக்குத் தெரியும். அதற்கும் வேளாண் பல்கலைக்கழகம் ஓரப் பயிராகக் காராமணி, எள், துவரை, சூரியகாந்தி விதைக்கச் சொல்கிறது. சொல்லி என்ன? கையேடு அச்சாகிவிட்டால் வேலை முடிந்தது என்று கோப்பை மூடும் பழக்கத்தை ஆயுளெல்லாம் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவன் நான். மானிய விலையில் விதைநெல் கொடுக்கும்போது கூடவே ஒரு பொட்டலம் காராமணி விதையும் கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது.

"ஆடு மேஞ்சிடும் ஐயா" என்பது ஒன்றுதான் நியாயமான ஆட்சேபம். ஒருவர் மட்டும் வைத்தால் மேய்ந்துதான் போகும். ஒரே மடைத் தண்ணீர் பாயும் பத்துப் பேர் சேர்ந்து விதைத்தால் ஆட்டுக்காரரிடம் பேச வாயிருக்கும். சம்பா நடவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, பேசிப் பாருங்கள்.