நல்ல பாடும் நல்ல பயிற்சியாளரும்

சொந்த மண்ணில் நடந்த டெஸ்ட் தொடர்களில் 2024 இறுதியில் நியூசிலாந்திடம் 0-3 என்றும், 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிடம் 0-2 என்றும் இந்தியா தோற்றது. இவ்விரண்டுக்கும் இடையில், 2025 மார்ச்சில், ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் சாம்பியன்ஸ் கோப்பையை வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆசியக் கோப்பைத் தொடரையும் வென்றது. இந்நான்கு நிகழ்வுகளின்போதும் தலைமைப் பயிற்சியாளர் கௌதம் கம்பீர்தான். கோப்பை வந்தபோது அவர் தீர்க்கதரிசியாகப் போற்றப்பட்டார்; தொடர் போனபோது பதவி விலக வேண்டும் என்ற குரல் எழுந்தது. வென்றால் வல்லவர், தோற்றால் தகுதியற்றவர் என்னும் இந்த அளவுகோல், பணமும் திறமையும் குவிந்து கிடக்கும் ஓர் அணியின் பயிற்சியாளரை மதிப்பிட உதவுமா?

இந்தக் கேள்விக்கான விடையைத் தேட, கிரிக்கெட் மைதானத்திலிருந்து சற்று விலகி, சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரிக்கரை வரை சென்று வருவது பயன் தரும்.

ஏரி கற்பித்த நீதி

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இங்கே எல்லா இடத்திலும் ஒரே அளவில் மீன் கிடைப்பதில்லை. ஏரியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகள் இறால் வரத்து மிகுந்தவை. அங்கு வலை கட்டுபவருக்கும் உள்ளே தள்ளிக் கட்டுபவருக்கும் வருமானத்தில் பெரும் வேறுபாடு உண்டு. வலிமையுள்ளவர் நல்ல இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டால் ஊர் பிளவுபடும். எனவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் தலைமுறைகளாக 'பாடு' என்னும் முறையைக் கடைப்பிடித்து வந்துள்ளனர். உரிமையுள்ளவர்களிடையே சீட்டுக் குலுக்கி, முறைவைத்து, மீன்பிடி இடங்கள் ஒதுக்கப்படும். இன்று வளமான இடம் கிடைத்தவர், முறை மாறும்போது வளம் குறைந்த இடத்துக்குச் செல்வார்.

இம்முறையின் நோக்கம் சமநீதி. ஆனால், அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. இடங்கள் சுழல்வதால், எவர் உண்மையில் தேர்ந்த மீனவர் என்பதை ஊரார் அறிய முடிகிறது. முகத்துவாரத்து ஓரம் வலை நிறைவது இடத்தின் கொடையாக இருக்கலாம். வளமற்ற இடத்திலும் மற்றவரைவிடச் சற்று அதிகமாக எடுத்து வருபவரிடம்தான் நீரோட்டத்தையும் பருவத்தையும் படிக்கும் அறிவு இருக்கிறது. இடத்தின் கொடையையும் ஆளின் திறனையும் பிரித்துப் பார்க்கும் இந்தப் பார்வைதான் நம் விளையாட்டு விவாதங்களில் இல்லை.

ஒரே மனிதர், இரு தீர்ப்புகள்

இந்தச் சிக்கலின் மிகத் தெளிவான வடிவம் அமெரிக்க பேஸ்பாலில் இருக்கிறது. அங்கே அணியைக் களத்தில் வழிநடத்துபவரை மேலாளர் என்பார்கள். ஜோ டோரி என்பவர் 1995 வரை மூன்று அணிகளை நடத்தி 894 வெற்றிகளையும் 1,003 தோல்விகளையும் கண்டவர். நாட்டின் செல்வச் செழிப்புமிக்க நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை நியமித்தபோது, உள்ளூர் நாளிதழ் ஒன்று 'ஒன்றும் தெரியாத ஜோ' என்ற பொருளில் கேலித் தலைப்பிட்டது. 1996 முதல் 2000 வரையிலான ஐந்தாண்டுகளில் அவர் நான்கு முறை உலகத் தொடரை வென்றார். அதன் பின்னர் 2007 வரை, ஆட்டக்காரர்களுக்கு மிக அதிகச் சம்பளம் கொடுத்த அணியை வைத்துக்கொண்டிருந்தும் ஒரு பட்டம்கூட இல்லை. ஆனாலும், அங்கிருந்த 12 ஆண்டுகளிலும் அணி இறுதிக்கட்டச் சுற்றுக்குத் தகுதி பெற்றது.

அப்படியானால் அவர் 1995 வரை அறிவிலியாகவும், பின்னர் ஐந்தாண்டுகள் மேதையாகவும், அதன் பிறகு மீண்டும் அறிவிலியாகவும் இருந்தாரா? மாறியது பெருமளவில் அவர் நின்ற இடம்; அத்துடன் குறுகிய தொடர்களுக்கே உரிய அதிர்ஷ்டம்.

வீட்டு வெற்றிகள் சொல்லாதவை

இந்திய அணிக்கு வருவோம். 2013 முதல் 2024 வரை சொந்த மண்ணில் தொடர்ச்சியாக 18 டெஸ்ட் தொடர்களை இந்தியா வென்றது. இந்தக் காலத்தில் டங்கன் பிளெட்சர், அனில் கும்ப்ளே, ரவி சாஸ்திரி, ராகுல் டிராவிட் எனப் பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முற்றிலும் வெவ்வேறு இயல்பு கொண்டவர்கள். முடிவு மட்டும் மாறவில்லை. எவர் வந்தாலும் ஒரே விளைவு என்றால், அந்த விளைவு வந்தவரைப் பற்றி அதிகம் சொல்லவில்லை என்றுதான் பொருள். அஸ்வினும் ஜடேஜாவும் பந்து வீசிய இந்திய ஆடுகளங்கள், முகத்துவாரத்து ஓரத்துப் பாடு போன்றவை.

கடினமான இடத்துக்கு எடுத்துக்காட்டு 2020-21 ஆஸ்திரேலியப் பயணம். அடிலெய்டில் 36 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணி, கேப்டனும் முன்னணிப் பந்துவீச்சாளர்களும் இல்லாத நிலையில், பிரிஸ்பேனில் 328 ஓட்ட இலக்கை எட்டித் தொடரைக் கைப்பற்றியது. வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகச் சென்ற சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும், சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் அந்த ஆட்டத்தில்தான் டெஸ்டில் அறிமுகமாயினர். சாஸ்திரியின் பணியை மதிப்பிட, எத்தனையோ உள்நாட்டு வெற்றிகளைவிட இந்த ஒரு தொடர் அதிகம் பேசும். அப்போதும் ஒரு கேள்வி எழுகிறது. மாற்று வீரர்கள் வரிசையாகக் காத்திருந்தது யாருடைய உழைப்பு? இந்தியா 'ஏ' அணியையும் இளையோர் அணியையும் பல ஆண்டுகள் வளர்த்த டிராவிட் அன்று களத்திலேயே இல்லை.

வளமான அணிக்கெனத் தனித் திறன்

எனில், வசதியான அணிக்குப் பயிற்சியாளரே தேவையில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. அங்கு தேவைப்படும் திறன் வேறு வகையானது. கும்ப்ளே 2016-17இல் பொறுப்பில் இருந்தபோது இந்தியா ஆடிய ஐந்து டெஸ்ட் தொடர்களையும் வென்றது. எனினும், கேப்டனுடனான உறவு சரிசெய்ய முடியாத நிலையை எட்டியதாகக் கூறி அவர் விலகினார். நட்சத்திரங்கள் நிறைந்த அணியில் ஆட்ட நுணுக்கம் தெரிந்தால் மட்டும் போதாது. வெளியே அமர்த்தப்படும் பெரிய வீரரைச் சமாதானப்படுத்துவதும், உரிமையாளர், வாரியம், ஊடகம் ஆகியவற்றின் அழுத்தம் வீரர்களை எட்டாமல் தடுப்பதும் அங்கே பெருந்திறன்கள். டோரி யாங்கீஸில் 12 ஆண்டுகள் நிலைத்ததன் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, ஐபிஎல் ஒருவகையில் பாடு முறையை ஒத்தது. ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு உண்டு. 2025 சீசனுக்கான ஏலத்தில் அது 120 கோடி ரூபாய். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஏலம் வீரர்களைக் கலைத்துப் போடுகிறது. எனவே அங்கு கிடைக்கும் நீண்டகால வெற்றி, பயிற்சியாளரின் தரத்துக்குக் கூடுதல் சான்றாகிறது. சென்னை சூப்பர் கிங்ஸை 2009 முதல் நடத்திவரும் ஸ்டீபன் பிளெமிங் ஐந்து பட்டங்களை வென்றது தற்செயல் அன்று. அதே பிளெமிங்கின் அணிதான் 2023இல் கோப்பையை வென்று, 2025இல் பட்டியலின் கடைசி இடத்துக்குச் சென்றது. ஒற்றை ஆண்டின் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பயிற்சியாளரை மதிப்பிட மூன்று கேள்விகள் உதவும். முதலாவது, இதே அணியிடம், இதே சூழலில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு? கம்பீரைப் பொறுத்தவரை, ரோஹித்தும் கோலியும் ஓய்வு பெற்ற பின் இளம் அணியுடன் இங்கிலாந்தில் 2-2 எனச் சமன் செய்தது எதிர்பார்ப்புக்கு மேல். உள்நாட்டுத் தோல்விகள் வெகுவாகக் கீழே. இரண்டாவது, முடிவில் அவர் கைக்கு உட்பட்ட பகுதி எது? கொல்கத்தாவில் 124 ஓட்ட இலக்கைத் துரத்தி 93இல் அணி வீழ்ந்தபோது, தாங்கள் கேட்ட ஆடுகளமே தரப்பட்டது என்று அவரே கூறினார். அந்தப் பொறுப்பிலிருந்து அவர் விலக முடியாது. மூன்றாவது, அவர் போகும்போது அடுத்தவருக்கு எதை விட்டுச் செல்கிறார்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. ஆனால், சில நேரங்களில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும் என்பதையும் பழவேற்காடு நமக்குக் காட்டுகிறது. முகத்துவாரம் மணல்மூடித் தூர்ந்துபோகும் காலங்களில் எவ்வளவு தேர்ந்த மீனவரின் வலையும் வெறுமையாகவே திரும்பும். அவரைச் சோம்பேறி என்பது அறியாமை. பாடு முறைக்கும் குறை உண்டு. பிறப்பால் அந்த உரிமை வாய்க்காத மீனவர்கள் அந்தச் சுழற்சிக்குள்ளேயே வருவதில்லை. அதனால் அவர்களின் திறனை ஊர் அறிய வழியில்லை. பெரிய அணிகள் எட்டிப் பார்க்காத சிறு மாநிலங்களில், வசதியற்ற மைதானங்களில், சராசரி வீரர்களைக் கொண்டு சாதிக்கும் பயிற்சியாளர்களின் நிலையும் இதுவே.

அடுத்த தலைமைப் பயிற்சியாளரைத் தேடும்போது, எத்தனை கோப்பை வென்றார் என்பதுடன், எந்த அணியை வைத்துக்கொண்டு வென்றார் என்பதையும் கிரிக்கெட் வாரியம் கேட்க வேண்டும். அந்த மதிப்பீட்டின் அடிப்படையைப் பொதுவெளியில் வைப்பதும் நல்லது. ஓர் ஏரிக்கரை ஊர் சீட்டுக் குலுக்கலைக்கூட எல்லோர் முன்னிலையிலும் நடத்துகிறது. உலகின் செல்வமிக்க கிரிக்கெட் வாரியத்தால் அந்த அளவு வெளிப்படைத்தன்மையைக் காட்ட முடியாதா?